பிடி அரிசியும் ஒரு பிஷப்பும்

திருவண்ணாமலையில் குடியிருக்கிற எழுத்தாளனிடம் பத்திரிகைக்காரர்கள் எதிர்பார்க்கும் விஷயங்கள் சில உண்டு. கார்த்திகை தீபம், வல்லாள மகாராஜன், அருணகிரிநாதர், ரமண மகரிஷி என்ற நாலில் ஒன்று. நாலைப் பற்றியும் நான் எழுதியாயிற்று. இந்தத் தடவை ஒரு கிறிஸ்தவ பிஷப்பைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும், "அவருக்கும் உங்கள் ஊருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார் ஆசிரியர். நியாயமான கேள்விதான். அவர் எங்கள் ஊர்க்காரர் அல்ல. ஆனால் எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கிற ஒரு பேச்சுக்கு அவருடைய வாழ்க்கையில் பதில் இருக்கிறது.

திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடம் என்று ஒன்று உண்டு. டென்மார்க் தேசத்து லுத்தரன் மிஷனரிகள் ஏற்படுத்தியது. அண்ணாமலையார் கோவிலுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொண்டு செய்த குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கே படித்திருக்கிறார்கள். அந்தப் பள்ளியைப் பற்றி யார் பேசினாலும், "எல்லாம் வெள்ளைக்காரன் கொடுத்தது" என்று ஒருவர் சொல்லுவார். புகழ்கிறவரும் அதையே சொல்லுவார், பழிக்கிறவரும் அதையே சொல்லுவார். கட்டடம் வெள்ளைக்காரன் கொடுத்தது, படிப்பு வெள்ளைக்காரன் கொடுத்தது, மதமும் வெள்ளைக்காரன் கொடுத்தது. சரி, இந்த மண்ணில் பிறந்தவர்கள் வெறுமனே வாங்கிக்கொண்டுதான் இருந்தார்களா? அவர்கள் ஒன்றும் கொடுக்கவில்லையா?

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் சுமந்து திரிந்த ஒரு தமிழர் இருந்தார். வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பது அவர் பெயர். ஆங்கிலிக்கன் திருச்சபையில் பிஷப் ஆன முதல் இந்தியர். பெரிய பட்டணத்துக்கு பிஷப் அல்ல. நிஜாம் ராஜ்யத்துக் கிராமங்களுக்கு பிஷப்.

அவர் கதையைச் சொல்லுமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1620-ல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1706-ல் அங்கே சீகன்பால்கு என்ற ஜெர்மானிய பாதிரியார் வந்து இறங்கினார். தமிழ் கற்றார், அச்சுக்கூடம் வைத்தார். 1733-ல் அதே தரங்கம்பாடியில் ஆரோன் என்ற தமிழருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். புராட்டஸ்டண்டு சபைகளில் குருவான முதல் இந்தியர் அவர்தான். ஒரு தமிழர் குருவாகிவிட்டார், இனி பிஷப் ஆவதற்கு எத்தனை நாளாகும் என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? நூற்றெழுபத்தொன்பது வருஷங்கள் ஆயின!

இடையில் திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவம் கிராமம் கிராமமாகப் பரவியது. ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்தார்கள். தமிழ்க் குருமார்கள் பலர் தோன்றினார்கள். 1877-ல் அந்தச் சீமைக்காக இரண்டு பேரை உதவி பிஷப்புகளாக அபிஷேகம் செய்தார்கள். ஒருவர் கால்டுவெல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினாரே, அவர்தான். மற்றவர் சார்ஜெண்ட். இருவரும் தகுதி மிக்கவர்கள் என்பதில் சந்தேகமில்லை. இருவரும் வெள்ளைக்காரர்கள் என்பதிலும் சந்தேகமில்லை.

அந்த வருஷத்தில் அதே சீமையில், வெள்ளாளன்விளை என்ற ஊரில், ஒரு மூன்று வயதுக் குழந்தை மணலில் விளையாடிக்கொண்டிருந்திருக்கும். செம்மண் தேரியும் பனைமரமும் தவிர வேறு சொத்து அதிகம் இல்லாத பூமி அது. பதநீர் காய்ச்சும் அடுப்புப் புகையும் கருப்பட்டி வாசனையும்தான் அந்த ஊர்களின் காற்று. அங்கே பெரும்பாலோர் நாடார்கள். கோவிலுக்குள் அவர்கள் கால் வைக்கக் கூடாது என்று விதித்திருந்த காலம். கோவில் பிரவேச உரிமைக்காக அந்த ஜாதியார் பட்ட பாடும், 1899-ல் சிவகாசியில் நடந்த கலவரமும் சரித்திரத்தில் இருக்கின்றன. கோவில் நகரத்தில் இருந்துகொண்டு எழுதுகிற நான் இதைச் சொல்லாமல் தாண்டிப் போக முடியாது. சென்னை மாகாணக் கோவில்களின் கதவுகளை எல்லா ஹிந்துக்களுக்கும் திறந்துவிட்ட சட்டம் 1947-ல்தான் வந்தது. அதுவரையில் கதவுக்கு வெளியே நின்றவர்களில் சிலர் வேறு கதவைத் தேடிப் போனார்கள் என்றால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அசரியாவின் தகப்பனார் தாமஸ் வேதநாயகம் பிறப்பால் ஹிந்து. வியாபாரக் குடும்பத்துப் பையன். மிஷன் பள்ளியில் படிக்கப் போனவர் 1839-ல் கிறிஸ்தவரானார். பிற்பாடு குருப்பட்டம் பெற்று வெள்ளாளன்விளையில் சபை நடத்தினார். முதல் மனைவி இறந்தபின் எலன் என்ற அம்மாளை மணந்தார். எலன் அம்மாளுக்கு முதலில் ஒரு பெண் பிறந்தது. அப்புறம் பதின்மூன்று வருஷம் குழந்தையே இல்லை. பைபிளில் அன்னாள் என்ற பெண்மணி பிள்ளை வரம் கேட்டு, பிறந்தால் ஆண்டவனுக்கே கொடுத்துவிடுவதாக நேர்ந்துகொண்ட கதை உண்டு. அவளுக்குப் பிறந்த பிள்ளை சாமுவேல். எலன் அம்மாளும் அப்படியே வேண்டிக்கொண்டாள். 1874-ம் வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி பிள்ளை பிறந்தது. சாமுவேல் என்றே பெயர் வைத்தார்கள். நம்முடைய வீடுகளில் பழனிக்கும் திருப்பதிக்கும் நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைகளுக்கு அந்தந்தச் சுவாமி பெயரை வைக்கிறோமே, அதே மனசுதான். மதம் மாறினாலும் தாயின் மனசு மாறுவதில்லை.

1889-ல் தகப்பனார் காலமானார். பிள்ளைக்குப் பதினைந்து வயது. கிராமத்துப் பாதிரியாரின் விதவைக்கு என்ன இருக்கும்? எலன் அம்மாள் சிக்கனமும் கண்டிப்பும் ஜெபமுமாகப் பிள்ளையை வளர்த்தாள். அந்தக் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. உலையில் அரிசி போடுமுன் வீட்டுக்காரி ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். கலயம் நிறைந்ததும் அது கோவிலுக்குப் போகும். இந்தப் பிடி அரிசி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. அன்னதானத்துக்கும் மடங்களுக்கும் நம் பெண்கள் காலங்காலமாக எடுத்து வைத்ததுதான். ஒரு பிடி குறைந்தால் வீட்டில் யாரும் பட்டினி கிடந்துவிட மாட்டார்கள். ஆனால், 'நானும் கொடுக்கிறவள்' என்ற எண்ணம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நிற்கும். அசரியா தன் பிதிரார்ஜிதமாகப் பெற்றது நிலமோ பனந்தோப்போ அல்ல, இந்த எண்ணந்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்துவிட்டுச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். பி.ஏ. பரீட்சையில் கணிதத் தாளுக்கு முன்னால் உடம்பு படுத்துவிட்டது. மறுபடியும் எழுதலாமென்று சொன்னார்கள், அவர் எழுதவில்லை. பட்டமில்லாமலே வெளியே வந்தார். கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்ட எனக்கு இந்த இடத்தில் அவரிடம் ஒரு தனிப் பிரியம் ஏற்படுகிறது. பிற்காலத்தில், 1920-ல், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவரைக் கூப்பிட்டு டாக்டர் பட்டம் கொடுத்துக் கௌரவித்தது.

1895-ல் ஒய்.எம்.சி.ஏ. காரியதரிசியாக வேலையில் சேர்ந்து தென்னாடு முழுவதும் சுற்றினார். அடுத்த வருஷம் மதுரையிலிருந்து இன்னொரு பையன் ரயிலேறினான். அவனும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். 1896 செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். அதற்கப்புறம் ஐம்பத்து மூன்று வருஷம் இந்த ஊரை விட்டு நகரவில்லை. உலகம் அவரைத் தேடி வந்தது. தெற்கேயிருந்து கிளம்பிய இருவரில் ஒருவர் ஓரிடத்தில் அமர்ந்தார். மற்றவர் உட்காரவே இல்லை. ஒரே காலத்துத் தமிழ் மண் இரண்டு வகை மனிதர்களையும் பெற்றெடுத்தது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

1898-ல் அசரியாவுக்குக் கலியாணம் நடந்தது. பெண் அன்பு மாரியம்மாள். பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அபூர்வமாயிருந்த காலத்தில் கல்லூரியில் படித்தவர். கடன் வாங்கி ஊரை அழைத்துத் தடபுடல் செய்வது நம் வழக்கம். அவர்கள் எளிமையாகச் செய்துகொண்டார்கள். கடன் என்ற பேயை அவர் பிற்பாடு கிராமம் கிராமமாகத் துரத்தப் போனார். முதலில் தம் வீட்டு வாசலிலேயே துரத்திவிட்டார்.

1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே கண்ட ஒரு காரியம் அவரைத் தூங்கவிடவில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைப்பணத்தைப் போட்டுக் கடல் கடந்து தமிழ்நாட்டுக் கரைக்குப் போதகரை அனுப்பியிருந்தார்கள். அத்தனை பெரிய திருநெல்வேலிச் சபை அதுவரையில் தன் சொந்தச் செலவில் ஒருவரையும் வெளி மாகாணத்துக்கு அனுப்பியதில்லை. எல்லாவற்றுக்கும் இங்கிலாந்தைப் பார்த்தே பழகிவிட்டது. ஊர் திரும்பியவர் நண்பர்களைக் கூட்டினார். 1903 பிப்ரவரி 12-ந் தேதி பாளையங்கோட்டையில் 'இந்திய மிஷனரி சங்கம்' பிறந்தது. அதன் கொள்கை எளிது: ஆள் நம் ஆள், பணம் நம் பணம், நிர்வாகம் நம் நிர்வாகம். வெளிநாட்டுக் காசு ஒரு தம்படி கூடாது. சுதேசி இயக்கம் வங்காளத்தில் கொழுந்துவிட்டது 1905-ல். பனங்காட்டுப் பாதிரி மகன் அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே சுதேசியாகிவிட்டார்.

அந்தச் சங்கம் தேர்ந்தெடுத்த இடம் ஹைதராபாத் நிஜாமின் ராஜ்யத்தில் தோர்ணக்கல். இன்றைக்குத் தெலங்கானாவில் இருக்கிறது. தெலுங்கு பேசும் பூமி. தாழ்த்தப்பட்ட மாலர், மாதிகர் சேரிகள் நிறைந்த பிரதேசம். அசரியா மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்தார். எத்தனை நாள் மற்றவர்களையே அனுப்புவது? 1909-ல் குருப்பட்டம் பெற்று, உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தாமே கிளம்பிப் போனார். தெலுங்கு கற்றார். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கிராமங்களைச் சுற்றினார்.

1910-ம் வருஷம் ஜூன் மாதம் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தில் உலக மிஷனரி மகாநாடு கூடியது. ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அவர்களில் ஆசியாக்காரர்கள் இருபது பேர் கூட இல்லை. அந்தச் சபையில் முப்பத்தைந்து வயது அசரியா எழுந்து நின்று பேசினார். நீங்கள் எங்களுக்காக உங்கள் சொத்தையும் உயிரையும் கொடுத்தீர்கள்; ஆனால் எங்களைச் சிநேகிதர்களாக நடத்தவில்லை; எங்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட உங்களுக்கு மனம் வரவில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். கேட்டவர்களில் சிலருக்கு முகம் சிவந்தது. சிலர் தலை குனிந்தார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த மகாநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பேச்சைச் சொல்லாமல் விடுவதில்லை.

அந்தப் பேச்சுக்கும் பிடி அரிசிக்கும் உறவு இருக்கிறது. ஒருவன் கொடுத்துக்கொண்டே இருக்கிறான், மற்றவன் வாங்கிக்கொண்டே இருக்கிறான் என்றால் அவர்களுக்குள் நன்றி இருக்கலாம், விசுவாசம் இருக்கலாம். சிநேகம் இருக்க முடியாது. சிநேகம் வேண்டுமானால் வாங்குகிறவனும் கொடுக்க வேண்டும். அசரியா வெள்ளைக்காரரிடம் கேட்ட நியாயத்தைத் தம் ஜனங்களிடமும் கேட்டார். அதுதான் அவருடைய பெருமை.

சென்னை பிஷப் ஒயிட்ஹெட் அசரியாவின் திறமையை அறிந்தவர். இவரை பிஷப்பாக்க வேண்டுமென்று பிடிவாதமாக நின்றார். எதிர்ப்பு பலமாக இருந்தது. இந்தியன் ஒருவன் கீழ் ஐரோப்பியர் வேலை செய்வதா என்றார்கள் வெள்ளைக்காரர்கள். தமிழர்களிலும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். கடைசியில் ஒரு சமரச ஏற்பாடு செய்தார்கள். தோர்ணக்கல்லைச் சுற்றிச் சிறிய மறைமாவட்டம் ஒன்றை வெட்டி எடுத்தார்கள். அங்கே இருந்த குருமார்கள் ஆறே பேர், அத்தனை பேரும் இந்தியர்கள். இதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாதல்லவா? 1912 டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தா செயிண்ட் பால் தேவாலயத்தில் அசரியா பிஷப் ஆனார்.

சின்ன இடத்தைக் கொடுத்தால் சின்ன மனிதராகவே இருந்துவிடுவார் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். சென்னை மாகாணத்துத் தெலுங்குப் பகுதிகளும் பிற்பாடு தோர்ணக்கல்லோடு சேர்ந்தன. 1935-ல் இந்தியக் குருமார்கள் மட்டும் இருநூற்றைம்பது பேர். கிராம உபாத்தியாயர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல். ஐரோப்பிய மிஷனரிகளும் அவர் கீழ் வேலை செய்தார்கள். குருவாகப் படிக்க வருகிறவன் மனைவி மக்களோடு வந்து தங்கவேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. புருஷன் வேதம் படிக்கையில் மனைவிக்கு எழுத்தும் சுகாதாரமும் பிள்ளை வளர்ப்பும் அன்பு அம்மாள் மேற்பார்வையில் நடக்கும். அழுக்கு, நோய், கடன், குடி என்ற நாலு பேய்களை ஓட்டுவதுதான் பிஷப்பின் அன்றாட வேலை. ஞானஸ்நானம் பெறுகிற கிராமத்தானைத் தன் தலையில் தானே கை வைத்து, தான் கேட்ட நற்செய்தியைப் பிறருக்குச் சொல்லாவிட்டால் தனக்குக் கேடு என்று சொல்லச் செய்வார். கை தன் கை, தலை தன் தலை. வேறொருவன் ஆசீர்வதிப்பதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தச் சேரி ஜனங்களிடமும் அவர் பிடி அரிசி கேட்டார். ஒரு நேரக் கூழுக்கு அல்லாடுகிறவனிடம் அரிசி கேட்பதா? இந்தச் சந்தேகம் எனக்கும் வந்தது. ஏழைக்கு எடுத்துக் கொடுப்பதல்லவா தர்மம்? ஆனால் காலங்காலமாக அந்த ஜனங்களின் கையை எல்லாரும் ஏந்திய கையாகவே பார்த்தார்கள். மிராசுதார் களத்தில் போட்ட படியை ஏந்தினார்கள். பஞ்சத்தில் கஞ்சித் தொட்டியில் ஏந்தினார்கள். அந்தக் கையை முதன்முதலாகக் கவிழ்த்துக் கொடுக்கச் சொன்னவர் அசரியா. கொடுக்கும் கை மேலே இருக்கும் என்பது சாமானியமான உண்மை. அதைக் கடைசிப் படியில் நின்றவனுக்கும் பொருந்தும் என்று எண்ணியதுதான் புதுமை.

இந்த விஷயத்தில்தான் அவருக்கும் காந்திஜிக்கும் வழக்கு. சேரி ஜனங்கள் அறிந்து மதம் மாறவில்லை, ஆசை காட்டி மாற்றப்படுகிறார்கள் என்பது காந்திஜியின் கட்சி. அவர்களுக்கும் ஆத்மா உண்டு, தேர்ந்தெடுக்கும் புத்தி உண்டு என்பது அசரியாவின் கட்சி. 1937-ல் இருவரும் சந்தித்தார்கள், கருத்து ஒன்றுபடவில்லை. இரண்டு பேரும் கிராமத்தை நேசித்தவர்கள், இரண்டு பேரும் குடியையும் அழுக்கையும் எதிர்த்தவர்கள், இரண்டு பேரும் எளிமையாக வாழ்ந்தவர்கள். இத்தனை ஒற்றுமை இருந்தும் நடுவில் ஒரு ஆறு ஓடியது. ஆசை காட்டி மாற்றியவர்கள் எங்குமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் சோற்றுக்காக மாறினான் என்று சொல்லப்பட்டவனிடமே அரிசி கேட்டு வாங்கிய மனிதரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

தேச விஷயத்தில் அவரை அந்நியர் கட்சி என்று தள்ளவும் முடியாது. 1932-ல் பிரிட்டிஷ் சர்க்கார் வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்து, இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் தனித் தொகுதி கொடுத்தது. வலியக் கிடைத்த சலுகை. அசரியா அதை எதிர்த்தார். தம் ஜனங்கள் மற்ற இந்தியர்களிடமிருந்து வேலி போட்டுப் பிரிக்கப்படுவதை அவர் விரும்பவில்லை. வெள்ளைக்காரரிடம் தட்டிக் கேட்டதால் அங்கே கோபம். மதம் மாற்றியதால் இங்கே கோபம். இரண்டு பக்கத்துக் கோபத்தையும் வாங்கிக்கொண்டு அவர் கிராமத்துக்குத் திரும்பிப் போனார்.

தோர்ணக்கல்லில் அவர் கட்டிய தேவாலயம் அவருடைய மனசைக் காட்டும். முடிக்கப் பல வருஷம் பிடித்தது. 1939 ஜனவரி 6-ந் தேதி பிரதிஷ்டையாயிற்று. இங்கிலாந்து மாதிரி ஊசிக் கோபுரம் அங்கே கிடையாது. மசூதியைப் போலக் கும்மட்டங்கள், நம் கோவில் மண்டபத்தைப் போலத் தூண்கள், தூண்களில் தாமரை. அண்ணாமலையார் கோவிலின் ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு அந்தத் தூண்கள் அந்நியமாகப் படாது.

கிறிஸ்தவ சபைகள் ஆங்கிலிக்கன், லுத்தரன், மெதடிஸ்டு என்று பிரிந்து கிடப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஐரோப்பாவில் போட்ட சண்டைக்கு நாம் ஏன் வாரிசாக வேண்டும் என்பது அவர் கேள்வி. 1919-ல் தரங்கம்பாடியில் கூடிய கூட்டத்தில் ஐக்கியத்துக்கு வித்திட்டவர்களில் அவர் முக்கியமானவர். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ந் தேதி சென்னையில் உதயமாயிற்று. அதைப் பார்க்க அவர் இல்லை. 1945-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி தோர்ணக்கல்லில் கண்ணை மூடிவிட்டார்.

முப்பத்திரண்டு வருஷம் பிஷப்பாக இருந்தார். அத்தனை வருஷத்திலும் இந்திய ஆங்கிலிக்கன் சபையில் ஒரு மறைமாவட்டத்துக்குத் தலைவராக இருந்த இந்தியர் அவர் ஒருவரே. அவருக்குப் பின் அந்தப் பீடத்தில் அமர்ந்தவர் ஓர் ஐரோப்பியர். முதல் மனிதர் என்று கொண்டாடினார்களே ஒழிய, இரண்டாவது மனிதருக்கு வழிவிட அவசரப்படவில்லை. சரித்திரத்தில் 'முதல்வர்' என்ற பட்டம் எவ்வளவு தனிமையானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மேலே இருந்து கொடுத்த பதவியின் கதை அப்படி. கீழே இருந்து வந்ததன் கதை வேறு. 1903-ல் அவர் நண்பர்களோடு தொடங்கிய சங்கம் இன்னும் நம் ஜனங்களின் காசிலேயே நடக்கிறது. வெள்ளைக்காரன் கொடுத்தது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். கட்டடத்துக்குக் கணக்கு உண்டு, நிலத்துக்குப் பத்திரம் உண்டு. உலையில் போடுமுன் ஒருத்தி தன் கையால் எடுத்து வைத்த அரிசியை மட்டும் எந்த ரிஜிஸ்தரிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கணக்கையும் சேர்த்தால்தான் கூட்டல் சரியாக வரும்.